பல்கலைக்கழக ஆய்வின் தரத்தை நாடுகள் எப்படி மதிப்பிடுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வு நல்ல ஆய்வுதானா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஆய்வு மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் பிரிட்டன் அதிகம் வரும். 1986 முதல் இதைச் செய்துவரும் நாடு அது. அண்மைச் சுற்றுகளின் விதிகளையும் முடிவுகளையும் யாரும் படிக்கும்படி வெளியிட்டும் வைத்திருக்கிறது.

தேசிய ஆய்வு மதிப்பீடும் உலகத் தரவரிசைப் பட்டியலும் ஒன்றுதானே?

இல்லை. உலகத் தரவரிசைகளைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கற்பித்தல், வெளிநாட்டு மாணவர் விகிதம், கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயர் என்று பலவற்றைக் கலந்து ஒரே ஓர் இடத்தைக் கொடுக்கின்றன. தேசிய மதிப்பீட்டை நடத்துவது அரசு அல்லது அரசு நியமித்த அமைப்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஆய்வை மட்டும், அதையும் துறை துறையாகப் பிரித்துப் பார்க்கும். ஒரே பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை உச்சத்திலும் வரலாற்றுத் துறை நடுவிலும் இருக்கலாம். மதிப்பீடு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும்.

இது ஏன் தொடங்கியது?

பணத்தைப் பங்கிட. 1980-களில் பிரிட்டனில் பல்கலைக்கழக மானியம் சுருங்கியபோது, இருக்கும் ஆய்வு நிதியை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. 1986-இல் முதல் மதிப்பீடு நடந்தது. அதன் பிறகு 1989, 1992, 1996, 2001, 2008 என மேலும் ஐந்து சுற்றுகள் முடிந்து, 2014 முதல் 'ஆர்.இ.எஃப்' (ஆய்வுச் சிறப்புக் கட்டமைப்பு) என்ற புதிய பெயரில் நடக்கிறது. அடுத்தது 2021-இல் நடந்தது. இனி வரவிருப்பது 2029. ஹாங்காங் 1993-இலும், நியூசிலாந்து 2003-இலும், ஆஸ்திரேலியா 'இ.ஆர்.ஏ' என்ற தன் ஆய்வு மதிப்பீட்டு முறையை 2010-இலும் தொடங்கின. இத்தாலி, நார்வே, நெதர்லாந்து ஆகியவை தங்களுக்கென்று வேறு வேறு வழிகளை வகுத்துக்கொண்டன.

மதிப்பிடப்படுவது ஆளா, துறையா, பல்கலைக்கழகமா?

நாட்டுக்கு நாடு மாறும். நியூசிலாந்து நடத்திவந்த முறையில் ஒவ்வோர் ஆய்வாளரும் தன் பணித் தொகுப்பைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஆள் கிரேடு இருந்தது. பிரிட்டனில் துறைக்குத்தான் மதிப்பெண். எந்தக் கட்டுரைக்கு என்ன மதிப்பு கிடைத்தது என்பதை வெளியிடுவதில்லை, அந்தக் குறிப்புகளையே அழித்துவிடுகிறார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் கட்டுரைவாரி மதிப்பெண் வெளியே வந்தால் மறுநாளே அது ஒருவரின் பதவி உயர்வுக் கோப்பில் போய் உட்காரும். துறையைப் பார்க்கும் மதிப்பீட்டை ஆளைத் தண்டிக்கும் கருவியாக மாற்றவிடாமல் இருப்பது, என் பார்வையில், பிரிட்டன் முறையின் மிக நல்ல முடிவுகளில் ஒன்று.

'தரம்' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் என்ன?

ஆர்.இ.எஃப் 2021-இல் மூன்று கூறுகள் இருந்தன: ஆய்வு வெளியீடுகள் 60 சதவீதம், பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆய்வு ஏற்படுத்திய தாக்கம் 25 சதவீதம், ஆய்வுச் சூழல் 15 சதவீதம். ஹாங்காங் 2020-இல் இதே மூன்றையும் 70, 15, 15 என்று வைத்துக்கொண்டது.

வெளியீடுகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது? அந்தப் புதுமை துறைக்கு எவ்வளவு முக்கியம்? ஆய்வு முறை எவ்வளவு கறாராக இருக்கிறது? இதை வைத்து 4 நட்சத்திரம் முதல் 1 நட்சத்திரம் வரை தருகிறார்கள். 4 என்றால் உலகில் முன்னணியில் நிற்கும் தரம். 3 சர்வதேச அளவில் சிறந்தது. 2 சர்வதேச அளவில் மதிக்கத்தக்கது. 1 தேசிய அளவில் மதிக்கத்தக்கது. அதற்கும் கீழே இருந்தால் வகைப்படுத்த மாட்டார்கள்.

இங்கே 'சர்வதேசம்' என்பது ஆய்வுப் பொருளைக் குறிப்பதல்ல. ஒரு சிறு கிராமத்தின் நிலப் பதிவேடுகளைப் பற்றிய ஆய்வும் 4 நட்சத்திரம் பெறலாம். தரம்தான் உலக அளவில் ஒப்பிடப்படுகிறது.

ஒரு கட்டுரை குழுவின் கைக்குப் போனதும் என்ன நடக்கிறது?

2021 சுற்றில் 34 துறைக்குழுக்கள் இருந்தன. அந்தந்தத் துறையின் அனுபவமிக்க ஆய்வாளர்களும், ஆய்வைப் பயன்படுத்தும் தொழில்துறை, அரசு, தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் அவற்றில் இருந்தார்கள். 157 நிறுவனங்களிலிருந்து 76,132 ஆய்வாளர்களின் 1,85,594 வெளியீடுகள் வந்து சேர்ந்தன.

படிக்கத் தொடங்கும் முன் குழுவினர் எல்லோரும் சில வெளியீடுகளை மாதிரிக்கு எடுத்து, அதே வெளியீடுகளைத் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். ஒருவர் 4 கொடுத்ததற்கு இன்னொருவர் 2 கொடுத்திருந்தால், ஏன் என்று பேசித் தீர்ப்பார்கள். தாராளமாக மதிப்பெண் போடுபவரையும் கஞ்சத்தனமாகப் போடுபவரையும் ஒரு தடத்துக்குக் கொண்டுவரும் வேலை இது. அதற்குப் பிறகுதான் வெளியீடுகளைப் பங்கிட்டுக்கொண்டு உண்மையான வாசிப்பு தொடங்கும். பொதுவாக ஒரு வெளியீட்டை ஒருவருக்கு மேல் படிப்பார்கள். தன் பல்கலைக்கழகத்தின் சமர்ப்பிப்பை எவரும் மதிப்பிடக் கூடாது.

கட்டுரை மட்டும்தான் வெளியீடு என்றில்லை. நூல், காப்புரிமை, மென்பொருள், இசையமைப்பு, கண்காட்சி, நாடக நிகழ்த்துதல் எல்லாவற்றையும் சமர்ப்பிக்கலாம். பல ஆண்டு உழைப்பில் உருவான ஒரு பெரிய நூலை இரண்டு வெளியீடுகளாகக் கணக்கிடும்படி கேட்கவும் இடமுண்டு. மானுடவியல், இலக்கியத் துறைகளுக்கு இது உயிர்நாடி.

இவ்வளவு பேரை உட்கார வைத்துப் படிப்பதைவிட மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். மேற்கோள் எண்ணிக்கை என்பது ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டினார்கள் என்ற கணக்கு. நியாயமான கேள்வியும்கூட. எண்கள் மலிவானவை, விரைவானவை, ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு.

முதல் சிக்கல், துறைக்குத் துறை உள்ள வேறுபாடு. உயிர்மருத்துவத்தில் ஒரு கட்டுரை இரண்டே ஆண்டுகளில் நூறு மேற்கோள் பெறலாம். கணிதத்தில் அதே அளவு சிறந்த ஒரு கட்டுரை பத்து ஆண்டுகளில் பத்து மேற்கோளோடு நிற்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் கணிதவியலாளர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மேற்கோள் என்பது கவனத்தின் அடையாளம். பாராட்டாகவும் இருக்கலாம், கண்டனமாகவும் இருக்கலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் 'தி லான்செட்' இதழில் வந்த கட்டுரை ஏராளமான மேற்கோள்களைப் பெற்றது. பெரும்பாலானவை அது தவறு என்று சொன்னவை. 2010-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் அது ஒரு மாபெரும் சாதனை.

மூன்றாவது, காலம். எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசிகளுக்கு அடித்தளமிட்ட காட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரின் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2023-இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆறேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மதிப்பீட்டில் மேற்கோளை மட்டும் எண்ணியிருந்தால், அப்படிப்பட்ட கட்டுரை சாதாரணக் குவியலில் கிடந்திருக்கும். ஊன்றிப் படிக்கும் ஒரு நிபுணரும் அதைத் தவறவிடலாம்தான். ஆனால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவருக்காவது இருக்கிறது. எண்ணுக்கு அதுவும் இல்லை.

எண்களே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 2021 ஆர்.இ.எஃப்-இல் மருத்துவம், அறிவியல், பொருளியல் போன்ற 11 துறைக்குழுக்கள் மேற்கோள் தரவைத் துணைக்கு வைத்துக்கொண்டன. படித்து வந்த முடிவைச் சரிபார்க்க அது உதவும். பிரிட்டனில் 2015-இல் வெளியான சுயாதீன ஆய்வு ஒன்றும் இதே முடிவுக்குத்தான் வந்தது: எண்கள் துணைநிற்கலாம், சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு மாற்றாக முடியாது.

இம்பாக்ட் ஃபேக்டர் உயர்ந்த ஆய்விதழில் வந்தாலே நல்ல கட்டுரை என்று கொள்ளக் கூடாதா?

கூடாது. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி. ஒரு சில கட்டுரைகள் மேற்கோள்களை வாரிக் குவித்து அந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்தும். பெரும்பாலான கட்டுரைகள் அதற்குக் கீழேயே இருக்கும். இதழின் சராசரியிலிருந்து ஒரு கட்டுரையின் தரத்தைச் சொல்ல முடியாது. ஆர்.இ.எஃப் குழுக்கள் இம்பாக்ட் ஃபேக்டரையோ இதழ்களின் தரவரிசையையோ பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆய்வு மதிப்பீட்டைச் சீர்செய்யக் கோரி 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான 'டோரா' பிரகடனமும், எண்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று 2015-இல் வந்த லைடன் அறிக்கையும் இதையே வலியுறுத்துகின்றன.

ஆஸ்திரேலியா இதை அனுபவத்தில் கற்றது. 2010 மதிப்பீட்டுக்காக 20,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களை நான்கு தரங்களாகப் பிரித்துப் பட்டியலிட்டார்கள். பல்கலைக்கழக நிர்வாகங்கள் உடனே அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல் தர இதழ்களில் இத்தனை கட்டுரை வர வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு இலக்கு வைக்கத் தொடங்கின. 2011-இல் அரசே அந்தத் தரப் பட்டியலைக் கைவிட்டது.

கட்டுரை எண்ணிக்கைக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன ஆகும்?

எண்ணிக்கை கூடும். தரம் கூடும் என்று சொல்ல முடியாது. 1990-களில் ஆஸ்திரேலியா வெளியீட்டு எண்ணிக்கையை நிதியோடு இணைத்தது. கட்டுரைகள் பெருகின, ஆனால் அதிகம் பெருகியது மேற்கோள் குறைந்த இதழ்களில்தான் என்று ஆய்வாளர் லிண்டா பட்லர் 2003-இல் காட்டினார். அந்த முடிவைப் பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள்; விவாதம் தொடர்கிறது. சீனா தன் அனுபவத்திலிருந்து 2020-இல் திசை மாறியது: கட்டுரைக்கு ரொக்கப் பரிசு தருவதை நிறுத்தவும், எண்ணிக்கைக்குப் பதில் ஓர் ஆய்வாளரின் தேர்ந்தெடுத்த சில பணிகளைப் பார்க்கவும் அமைச்சகங்கள் உத்தரவிட்டன.

சமூகத் தாக்கத்தை எப்படி நிரூபிக்கிறார்கள்?

கதை சொல்லி, ஆதாரம் காட்டி. ஒவ்வொரு துறையும் சில தாக்க அறிக்கைகளைத் தரும். 2021-இல் 20-க்கும் குறைவான ஆய்வாளர்கள் உள்ள துறைக்கு இரண்டு அறிக்கைகள், அதற்கு மேல் போகப் போக எண்ணிக்கை கூடும். ஒவ்வொன்றும் ஐந்து பக்கத்துக்குள் அடங்க வேண்டும். சுருக்கம், அடிப்படையான ஆய்வு, அந்த ஆய்வின் வெளியீடுகள், நடந்த மாற்றம், மாற்றத்துக்கான சான்றுகள் என்று ஐந்து பகுதிகள்.

கடைசிப் பகுதியில்தான் பலர் தடுமாறுவார்கள். 'எங்கள் ஆய்வு கொள்கை வகுப்பவர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தியது' என்று எழுதினால் எடுபடாது. எந்த ஆவணத்தின் எந்தப் பத்தியில் அந்த ஆய்வு சுட்டப்பட்டது, அதனால் எந்த விதி மாறியது, அந்த விதியால் எத்தனை நோயாளிகளின் சிகிச்சை மாறியது என்று காட்ட வேண்டும். தாக்கம் எவ்வளவு பரவியது, எவ்வளவு ஆழமானது என்ற இரண்டையும் குழு பார்க்கும். தாக்கத்துக்கு அடிப்படையான ஆய்வு குறைந்தது 2 நட்சத்திரத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அரைகுறை ஆய்வு பெரிய தாக்கத்தை ஏற்படுத்திவிட்டால் அதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது அல்லவா?

2021-இல் 6,781 தாக்க அறிக்கைகள் மதிப்பிடப்பட்டன. பெரும்பாலானவை இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. சில பக்கங்களைப் படித்தாலே ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கண்டுபிடிப்பு வெளியே வர எவ்வளவு நீண்ட காலம் ஆகிறது என்பது புரியும். அதனால்தான் 2000-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போய் அடிப்படை ஆய்வைக் காட்ட விதி இடம் கொடுத்தது.

முடிவு எப்படி வரும்? பணம் எப்படிப் பிரியும்?

ஒற்றை மதிப்பெண் வராது. ஒரு விநியோகம் வரும். துறையின் பணியில் இத்தனை சதவீதம் 4 நட்சத்திரம், இத்தனை சதவீதம் 3 என்று. 2021-இல் பிரிட்டன் முழுவதற்கும் சேர்த்து 41 சதவீதம் 4 நட்சத்திரமாகவும், 43 சதவீதம் 3 நட்சத்திரமாகவும் மதிப்பிடப்பட்டது. பத்திரிகைகள் இதைச் சராசரியாக்கிப் பட்டியல் போடுகின்றன. அந்தச் சராசரி எதை மறைக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

அ துறை: 4 நட்சத்திரம் 30 சதவீதம், 3 நட்சத்திரம் 50, 2 நட்சத்திரம் 15, 1 நட்சத்திரம் 5. சராசரி 3.05.

ஆ துறை: 4 நட்சத்திரம் 40 சதவீதம், 3 நட்சத்திரம் 30, 2 நட்சத்திரம் 25, 1 நட்சத்திரம் 5. சராசரி இதற்கும் 3.05.

பத்திரிகைப் பட்டியலில் இரண்டும் சமம். ஆனால் இங்கிலாந்தின் நிதிச் சூத்திரத்தில் 4 நட்சத்திரத்துக்கு 4 பங்கு, 3 நட்சத்திரத்துக்கு 1 பங்கு, அதற்குக் கீழே எதுவும் இல்லை. அப்படிப் பார்த்தால் அ துறைக்கு 1.7, ஆ துறைக்கு 1.9. அளவு ஒன்றாக இருந்தாலும் ஆ துறைக்கே அதிக நிதி. பரவலாக நல்ல பணி செய்யும் துறையைவிட, சிகரங்களும் பள்ளங்களும் உள்ள துறைக்கு இந்தச் சூத்திரம் சாதகம். அது சரியா என்பது கொள்கை முடிவு. ஆய்வின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

பல்கலைக்கழகங்கள் இதில் தில்லுமுல்லு செய்வதில்லையா?

விதிக்குள் இருந்தபடியே விளையாடுவார்கள். 2014 வரை யாரைச் சமர்ப்பிப்பது என்பதைப் பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கலாம். பலவீனமானவர்கள் என்று நினைத்தவர்களை விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் பெயர்பெற்றவர்களை வேலைக்கு எடுத்தார்கள். 2016-இல் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தலைமையிலான பரிசீலனைக்குப் பிறகு, ஆய்வுப் பொறுப்பு உள்ள எல்லோரையும் காட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். உடனே, சிலரைக் 'கற்பித்தல் மட்டும்' ஒப்பந்தத்துக்குத் தள்ளுகிறார்கள் என்ற புகார் எழுந்தது.

மேற்கோளை நம்பும் நாடுகளில் விளையாட்டு வேறு மாதிரி. இத்தாலியில் 2010 சட்டத்துக்குப் பிறகு பதவி உயர்வுத் தகுதியில் மேற்கோள் எண்ணிக்கைக்கு இடம் கிடைத்தது. அதன் பின் இத்தாலிய ஆய்வாளர்கள் தங்களையும் ஒருவரையொருவரும் மேற்கோள் காட்டுவது கணிசமாக உயர்ந்ததை 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதும் ஆய்வாளர்களின் கதி?

எண்களை மட்டும் பார்க்கும் முறையில் மோசம்தான். மேற்கோள்களை எண்ணித் தரும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்களில் ஆங்கில இதழ்களே நிறைந்திருக்கின்றன. ஒரு மொழியின் இலக்கணத்தையோ ஒரு வட்டாரத்தின் வரலாற்றையோ அந்த மக்களின் மொழியிலேயே எழுதுவது இயல்பு. அந்த ஆய்வை வாசிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். தரவுத்தளத்துக்கு அந்த ஆய்வு கண்ணிலேயே படாது. வட்டார முக்கியத்துவம் கொண்ட ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பதை லைடன் அறிக்கை தன் பத்துக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நார்வே தனக்கென்று ஒரு தேசியப் பதிவேட்டை அமைத்து, நார்வேஜிய மொழி இதழ்களையும் நூல்களையும் கணக்கில் சேர்த்தது. தாய்மொழி ஆய்வு தழைக்க வேண்டும் என்று நினைக்கும் எந்த நாடும் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான்.

இந்தியாவில் இப்படி ஒன்று இருக்கிறதா?

இதே வடிவில் இல்லை. 1994-இல் அமைந்த நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு), உயர்கல்வி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. அதன் ஏழு அளவுகோல்களில் ஆய்வும் ஒன்று. 2016 முதல் பட்டியல் வெளியிடும் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பான என்.ஐ.ஆர்.எஃப், பல்கலைக்கழகங்களுக்கான மதிப்பெண்ணில் 30 சதவீதத்தை ஆய்வுக்கும் தொழில்முறைப் பணிக்கும் தருகிறது. அதில் பெரும்பகுதி வெளியீட்டு எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சார்ந்தது. துறை நிபுணர்கள் உட்கார்ந்து கட்டுரைகளைப் படிக்கும் கட்டம் என்.ஐ.ஆர்.எஃப்-இல் இல்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய குறை.

இதற்கெல்லாம் ஆகும் செலவு நியாயமா?

ஆர்.இ.எஃப் 2014-க்கு சுமார் 24.6 கோடி பவுண்டும், 2021-க்கு சுமார் 47.1 கோடி பவுண்டும் செலவானதாக மதிப்பிட்டார்கள். பெரும்பகுதி பல்கலைக்கழகங்கள் தங்கள் சமர்ப்பிப்பைத் தயாரிக்கச் செலவழித்தது. மறுபக்கம், இதன் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி பவுண்டு பிரிக்கப்படுகிறது. ஒரு சுற்றின் முழுக் காலத்துக்கும் கணக்கிட்டால் செலவு 3 முதல் 4 சதவீதத்துக்குள் அடங்கும். பணமாகப் பார்த்தால் தாங்கக்கூடியதே. ஆசிரியர்களின் நேரமும் மன உளைச்சலும் இந்தக் கணக்கில் முழுதாக வருவதில்லை.

நிதியோடு இணைக்காமல் மதிப்பிடும் நாடு உண்டா?

நெதர்லாந்து. அங்கே ஒவ்வோர் ஆய்வுப் பிரிவும் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிநிபுணர் குழுவை வரவழைக்கிறது. பிரிவு தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதும். குழு நேரில் வந்து மூத்தவர்களோடும் ஆய்வு மாணவர்களோடும் பேசும். ஆய்வின் தரம், சமூகப் பொருத்தம், வருங்காலத்தில் நிலைத்து நிற்கும் திறன் மூன்றையும் பார்க்கும். 2021-இல் தொடங்கிய நெறிமுறையில் எண் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். பணம் நடுவில் இல்லாததால் துறைகள் தங்கள் பலவீனத்தையும் திறந்து பேச முடிகிறது.

சில நாடுகள் ஏன் நிறுத்திவிட்டன?

சுமைக்கு ஏற்ற பலன் இல்லை என்ற எண்ணம்தான். ஆஸ்திரேலியா 2010, 2012, 2015, 2018 என நான்கு சுற்று நடத்திவிட்டு, 2023-க்குத் திட்டமிட்டிருந்ததை 2022-இல் கைவிட்டது. நியூசிலாந்தும் 2026-க்கான சுற்றை நடத்தவில்லை.

நான் ஆய்வு மாணவர். இப்போதே என்ன செய்யலாம்?

உங்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பத்து வரியில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: இதில் என்ன புதிது, யாருக்கு அது முக்கியம், முறை ஏன் நம்பத்தக்கது. இதழின் பெயரையோ எண்ணையோ அதில் எழுத வேண்டாம். உங்கள் ஆய்வை ஒரு மருத்துவமனையோ பள்ளியோ அரசுத் துறையோ பயன்படுத்தினால் அந்தக் கடிதத்தை, அறிக்கையை, தேதியோடு அன்றே சேமித்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்துத் தேடினால் அந்த அதிகாரி மாறியிருப்பார், மின்னஞ்சலும் காணாமல் போயிருக்கும். ஏற்கப்பட்ட கட்டுரையின் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் உடனே ஏற்றுங்கள், ஆர்.இ.எஃப் 2021-இல் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குத் திறந்த அணுகல் (யாரும் கட்டணமின்றிப் படிக்க முடிவது) நிபந்தனையாக இருந்தது. ஐந்து சுமாரான கட்டுரைகளுக்குப் பதிலாக இரண்டு நல்ல கட்டுரைகள் எழுத நேரம் வேண்டும் என்று உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். படித்து மதிப்பிடும் எந்தக் குழுவின் முன்னாலும் அந்த இரண்டுக்கே மதிப்பு அதிகம்.